உண்ட இரும்பு உடலிற் சேருமா?

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழமும் அமைதியும் உலகறிந்தவை. எத்துணைப் பெரிய கப்பலும் இங்கு அச்சமின்றி நங்கூரமிடலாம். ஆயினும் கப்பல் வந்து நின்றதனால் மாத்திரம் ஊரார் வீட்டு அடுப்பு எரிந்துவிடாது. சரக்கு இறங்கிக் கடைத்தெருவை அடைந்தாலன்றோ பயன் உண்டு? நம் உடலினுள்ளும் இத்தகைய இறங்குதுறை ஒன்று உளது. அது சிறுகுடலின் முதற்பகுதி. உணவிலுள்ள இரும்புச் சத்து பெரும்பாலும் அங்கேதான் குருதியிற் சேர்கின்றது.

மூச்சிலே நாம் பெறும் ஒட்சிசனை உடலெங்கும் சுமந்து செல்வது குருதியிலுள்ள ஈமோகுளோபின். அதனை ஆக்குவதற்கு இரும்பு இன்றியமையாதது. இரும்பு குன்றின் முகம் வெளிறும். படியேற மூச்சு வாங்கும். பாடத்தில் மனம் நில்லாது. அத்தகைய பிள்ளையை நாம் ‘சோம்பேறி’ என்று கடிந்துகொள்கிறோம்!

மீனுக்குப் பஞ்சமில்லாத இவ்வூரில் இக்குறை ஏன் வருகின்றது? போதாத உணவு, மாதவிடாயில் மிகுந்த குருதிப்போக்கு, கொழுக்கிப் புழு எனக் காரணங்கள் பல. அவற்றுள் நாம் பேசக் கூசும் ஒன்று குடலழற்சி நோய். இது பிரதானமாக இருவகைப்படும். பெருங்குடலின் உட்சுவரைப் புண்ணாக்குவது ஒன்று. வாய்முதல் மலவாயில்வரை எப்பகுதியையும் தாக்கவல்ல குரோன் நோய் மற்றொன்று; 1932இல் நியூயோர்க் வைத்தியர் பரில் குரோனும் அவர்தம் தோழர் இருவரும் இதனை விவரித்து எழுதினர். கொழும்பு, கம்பஹா மாவட்டங்களைப் பற்றி 2010இல் வெளியான ஆய்வொன்று, இலட்சம் பேரில் ஏறத்தாழ ஐவருக்கு முதல்வகையும் ஒருவருக்குக் குரோன் நோயும் இருக்கக் கண்டது. அரிய நோய்தான், அரியதாகையால் அது பலர் நினைவுக்கு வருவதுமில்லை.

இந்நோயில் இரும்பு இருவழியாற் குறைகின்றது. புண்பட்ட குடலிலிருந்து குருதி சிறிது சிறிதாகக் கசிவது ஒரு வழி. மற்றையது சற்று விந்தையானது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. முன்னரே எச்சரிக்கை கிடைத்தமையால் துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் பல கடலுக்கு அனுப்பப்பட்டிருந்தன. பகை வருமென்றால் துறையின் வழமையான அலுவல்கள் நின்றுவிடுகின்றன. உடலும் அவ்வாறே செய்கின்றது. அழற்சி மூண்டதும் ஈரலானது ஹெப்சிடின் என்னும் சுரப்பை மிகுதியாக வெளியிடுகின்றது. கிருமிகளுக்கு இரும்பு கிட்டாதவாறு அது குடலின் இரும்பு வாயிலை அடைக்கின்றது. சேமிப்பிலுள்ள இரும்பையும் பூட்டிவைக்கின்றது. போர் முடிந்தால் வாயில் திறக்கும். ஓயாத அழற்சியிலோ வாயில் மூடியபடியே கிடக்கின்றது. ஆகவே, அழற்சியைத் தணிக்கும் வைத்தியமே முதற்பணி. உணவு அதற்குத் துணை.

குருதிச் சோதனையிலும் ஒரு நுட்பம் உண்டு. கருப்பமுறாத பெண்ணுக்கு ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராமுக்கும், ஆணுக்கு 13 கிராமுக்கும் குறைந்தால் அது குருதிச்சோகை. இரும்புச் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். அழற்சி இல்லாதபோது அது லீற்றருக்கு 30 மைக்குரோகிராமுக்குக் கீழிருப்பின் இரும்புக் குறை எனலாம். அழற்சியோ அவ்வெண்ணை உயர்த்திக் காட்டும். அப்போது 100 வரை இருந்தாலும் குறை இருக்கக்கூடும். எண்ணை மாத்திரம் பார்த்து நாமே ஆறுதல் கொள்ளலாகாது.

இனி, அடுக்களைக்கு வருவோம். இறைச்சி, ஈரல், மீன், மட்டி ஆகியவற்றிலுள்ள இரும்பு எளிதிற் சேரும். வெண்தசை மீனிலும் சூரை போன்ற செந்தசை மீனில் இரும்பு அதிகம். மீனோடு உண்ணும் பருப்பு, கீரை இவற்றின் இரும்பும் நன்கு சேரும். வெள்ளிக்கிழமையிற் சைவ உணவு உண்போர் பயறு, கௌபி, கீரை ஆகியவற்றைச் சமைத்து இறக்கியபின் தேசிக்காய்ப்புளி விடலாம். புளியிலுள்ள உயிர்ச்சத்து சீ இரும்பு சேரத் துணைபுரியும். சோறுண்ட கையோடு தேநீர் அருந்தும் வழக்கத்தை மாற்றி, ஒரு மணித்தியாலமேனும் பொறுத்தருந்துதல் நன்று. தேயிலைச் சாயம் தாவர உணவின் இரும்பைப் பற்றிக்கொள்ளும். குடல் சுருங்கியோர்க்கு நார்மிக்க கீரை தடையை உண்டாக்கலாமாதலின், அவர்கள் வைத்தியரைக் கேட்டே உண்க.

கடையில் வாங்கிய இரும்பு வில்லைகளை அளவின்றி விழுங்குவதும் தவறு. சேராத இரும்பு குடலை உறுத்தும். மலத்தைக் கருமையாக்கிக் குருதிப்போக்கோவென மயங்கவும் வைக்கும். நோய் அடங்கியிருக்கும்போது சிறிய அளவு வில்லை போதும். நோய் மூண்டிருக்கையில், அன்றிச் சோகை கடுமையாயிருக்கையில், வைத்தியர் நாளத்தின் வழியே இரும்பை ஏற்றுவர். மூடிய வாயிலைச் சுற்றிச் செல்லும் வழி அது.

வயிற்றோட்டம் வாரக்கணக்காக நீடித்தாலும், மலத்தோடு குருதி போனாலும், உடல் காரணமின்றி மெலிந்தாலும் காலந்தாழ்த்தாது வைத்தியசாலைக்குச் செல்க. வெட்கத்தினால் மறைத்த நோய் வெட்கத்தோடு நிற்பதில்லை. வீட்டில் வெளிறிச் சோர்ந்திருக்கும் பிள்ளையை அடுத்தமுறை கடிந்துகொள்ளுமுன், அருகிருத்தி, ‘உனக்கு வயிறு எப்படி?’ என்று அன்போடு ஒரு வார்த்தை கேட்போமாக.