தூண்டிற்கோல் வாங்குமுன்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தூண்டில் புதிய பொருள் அன்று. வேலியோரத்து மூங்கிலில் ஒரு கழி, அதன் நுனியில் நாலு முழம் தங்கூசி, ஒரு முள், மண்ணைக் கிளறினால் கிடைக்கும் புழு. ஓடையிலும் கால்வாயிலும் கெளுத்தியும் பனையேறிக் கெண்டையும் பிடிக்க இதற்குமேல் எதுவும் தேவைப்பட்டதில்லை.

அண்மையில் தோட்டத்துத் தாயார் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மகன் இரண்டு மாத மிகைநேரச் சம்பளத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பட்டணத்துக் கடையில் தொங்கும் கறுப்புக் கோல் ஒன்றை வாங்கத் துடிக்கிறான். கோலின்மேல் 'பாஸ்', 'சால்மன்' என்று இரண்டு மீன்களின் பெயர்கள் அச்சிட்டிருக்கின்றன. "நம்முடைய ஆற்றில் இல்லாத மீனுக்குச் செய்த கோலுக்கு நாம் ஏன் ஐயா காசு கொடுக்க வேண்டும்?" என்றார் அந்த அம்மா. நியாயமான கேள்விதான். உழைத்துச் சேர்த்த பணம் அல்லவா? அதற்கு விடை தேடும்போதே ஒரு தூண்டிற்கோலை எடைபோடும் முறையும் நமக்கு விளங்கிவிடும்.

முதலில் அந்த இரண்டு மீன்களைப் பார்ப்போம். பாஸ் என்பது வட அமெரிக்காவின் ஏரி மீன். பெரிய வாய். பாசிக்குள்ளும் மரக்கட்டை மறைவிலும் அசையாமல் நின்று, அருகே வரும் இரையைத் திடீரென்று பாய்ந்து விழுங்கும். 1932-ஆம் ஆண்டு ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்பவர் பிடித்த பாஸ் சற்றேறக்குறைய 10 கிலோ இருந்தது. 77 ஆண்டுகள் கழித்து, 2009-இல்தான் ஜப்பானின் பீவா ஏரியில் அதற்கு இணையான ஒன்று அகப்பட்டது. சால்மன் வேறு சாதி. ஆற்றில் பொரித்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட மறுபடியும் ஆற்றுக்கே திரும்பும் மீன் அது. அலாஸ்காவின் கெனாய் ஆற்றில் 1985-இல் பிடிபட்ட சால்மன் ஒன்று 44 கிலோ. தூண்டிலில் மாட்டிக்கொண்டால் வெள்ளத்தின் போக்கிலே நெடுந்தூரம் இழுத்துக்கொண்டு ஓடும்.

இங்கேதான் கோலின் குணம் பிரிகிறது. பாஸ் மீனைப் பாசிக்குள் தலை நுழைக்க விடாமல் உடனே வெளியே இழுத்தாக வேண்டும். ஆகவே அதற்கான கோல் ஆறரை அடி முதல் ஏழரை அடிவரை, விறைப்பாக, நுனிப்பக்கம் மட்டும் வளைவதாக இருக்கும். சால்மனை முரட்டுத்தனமாக இழுத்தால் முள் பிய்ந்துவிடும். ஓட விட்டு, களைக்க வைத்துத்தான் கரை சேர்க்க வேண்டும். அதற்கு எட்டரை, ஒன்பது அடி நீளமும் இடுப்புவரை வளையும் தன்மையும் தேவை. இரண்டு பெயரையும் ஒரே கோலில் அச்சிட்டிருந்தால், அது இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கோல் என்று பொருள். நடுவில் நிற்பது குற்றமன்று. ஆனால் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

நம்முடைய மீன்களோடு இதைப் பொருத்திப் பாருங்கள். அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்குச் சூப்பு வைத்துக் கொடுக்கிறோமே, அந்த ஹாருவான், அதாவது விரால், பாசிக்குள் பதுங்கும் மீன். அதன் பெரிய அண்ணன் தோமானும் அப்படியே. ஒரு மீட்டருக்கு மேலும் வளரக்கூடிய தோமானின் வாய் எலும்பாலான பெட்டி போன்றது. முள் அதில் இறங்கக் கோலில் விறைப்பு வேண்டும். எனவே பாஸ் மீனுக்குச் செய்த கோல் நம் தோமானுக்கு நன்றாகவே பொருந்தும். வேகமாக ஓடும் ஆற்றில் செபாராவ் பிடிப்பவருக்குச் சற்றே இளகிய கோல் நல்லது. சால்மன் பக்கம் சாய்ந்த ஒன்பதடிக் கோல், மரக்கிளை தலையில் இடிக்கும் ஓடைக்கரையில் வெறும் தொல்லை.

(இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தோமான் தாயும் தகப்பனுமாகச் சேர்ந்து குஞ்சுகளைக் காவல் காக்கும். நீரின்மேல் சிவப்பாகக் கூட்டமாக மிதக்கும் குஞ்சுகளைக் கண்டு, அங்கேயே தூண்டில் வீசிப் பெற்றோரைப் பிடிப்பது சிலருக்குப் பெருமை. அந்தக் குஞ்சுகளின் கதி என்ன ஆகும் என்று அவர்கள் நினைப்பதில்லை.)

கடைக்குள் போவோம். வீசு கோல்கள் இரண்டு வகை. ஒன்றில் ரீல் கோலின் மேலே உட்காரும், வளையங்களும் மேல்பக்கமே இருக்கும், பிடியின் அடியில் துப்பாக்கி விசைபோல ஒரு கொக்கி இருக்கும். மற்றதில் ரீல் கீழே தொங்கும், முதல் வளையம் பெரிதாக இருக்கும். ஒன்றுக்குரிய ரீலை மற்றதில் மாட்டக் கூடாது. மேலே உட்காரும் ரீல் அமெரிக்காவின் கெண்டகி மாநிலத்தில் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கடிகாரம் செய்வோர் கையில் உருப்பெற்றது. பலமும் குறிபார்க்கும் துல்லியமும் அதற்கு உண்டு. ஆனால் கட்டைவிரலால் உருளையை அடக்கப் பழகாதவர் வீசினால், தங்கூசி குருவிக்கூடு போலச் சிக்கிக்கொள்ளும். முதல் கோல் வாங்கும் பிள்ளைக்குக் கீழே தொங்கும் ரீலே மேல் என்பது என் எண்ணம்.

பிடிக்கு மேலே சிறு எழுத்தில் சில எண்கள் இருக்கும். பெரும்பாலோர் அதைப் படிப்பதேயில்லை. விலைச்சீட்டைவிட அவைதாம் முக்கியம். ஓர் எடுத்துக்காட்டு: 7 அடி; தங்கூசி 12 முதல் 20 பவுண்டு; இரை எடை 3/8 முதல் 1 அவுன்சு. ஒரு பவுண்டு 454 கிராம், ஒரு அவுன்சு 28 கிராம். ஆக, ஐந்தரை முதல் ஒன்பது கிலோ வரை தாங்கும் தங்கூசியும், 11 முதல் 28 கிராம் வரை எடையுள்ள இரையும் இந்தக் கோலுக்கு உரியவை. ஒன்பது கிலோ மீனைத் தூக்கலாம் என்று இதற்குப் பொருளன்று. கோல் முறிவதற்கு முன்னே தங்கூசி அறுந்துபோக வேண்டும் என்பதற்காகச் சொன்ன அளவு அது. வீட்டு மின்பெட்டியில் ஃபியூஸ் செய்யும் வேலையைத் தூண்டிலில் தங்கூசி செய்கிறது. 20 பவுண்டுக் கோலில் 50 பவுண்டு பின்னல் நூலைச் சுற்றிக்கொண்டு இழுப்பவர்கள், ஃபியூசுக்குப் பதிலாக ஆணியைச் செருகியவர்கள்.

இரை எடையும் அப்படித்தான். நீங்கள் வீசும் ரப்பர்த் தவளை 15 கிராம் என்றால், அந்த எண் கோலில் எழுதிய இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் விழ வேண்டும். 5 கிராம் இரை அந்தக் கோலை வளைக்காது. வளையாத கோல் வீசாது. தூரம் போகவில்லையே என்று கையைத்தான் நோகடித்துக் கொள்வோம்.

சில கோல்களில் 24 டன், 30 டன், 40 டன் என்றும் எழுதியிருப்பார்கள். இதைக் கண்டு மயங்க வேண்டாம். அது தூக்கும் பாரமன்று, உள்ளே இருக்கும் கரி இழையின் விறைப்பைக் காட்டும் அளவு. எண் ஏற ஏறக் கோல் இலேசாகும், விறைக்கும், அடிபட்டால் எளிதில் நொறுங்கவும் செய்யும். பழைய காலத்துக் கோல்கள் சீன நாட்டு டொங்கின் மூங்கிலைப் பிளந்து ஒட்டிச் செய்தவை. 1950-இல் அமெரிக்கா சீனாவோடு வாணிபத்தை நிறுத்தியதும் அந்த மூங்கில் கிடைக்காமல் போய், கண்ணாடி இழைக் கோல் ஊன்றிக்கொண்டது. கரி இழைக் கோல் 1970-களில் வந்தது. கண்ணாடி இழை கனமானது, ஆனால் முரட்டுக் கையைப் பொறுத்துக்கொள்ளும். மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு செம்மண் சாலையில் குலுங்கப் போகிறவன் 40 டன் கோல் வாங்குவதில் அறிவில்லை.

அடுத்து, கண்ணாலும் கையாலும் செய்யும் சோதனை. கோலைத் துப்பாக்கிபோலக் கண்ணருகே பிடித்து நுனிவரை நேராக இருக்கிறதா, வளையங்கள் ஒரே வரிசையில் நிற்கின்றனவா என்று பாருங்கள். நுனி வளையத்தை விட்டு எண்ணினால், அடிக்கு ஒன்றாவது இருக்க வேண்டும். ஏழடிக் கோலில் ஐந்தே வளையம் என்றால், கடைக்காரர் என்ன சொன்னாலும் வைத்துவிட்டு வாருங்கள். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சிறிது பஞ்சை நுழைத்துச் சுற்றுங்கள். மயிரிழை வெடிப்பு இருந்தால் பஞ்சு மாட்டிக்கொள்ளும். அந்த வெடிப்புதான் பிறகு தங்கூசியை அறுக்கும், நீங்களோ தங்கூசி மட்டம் என்று திட்டுவீர்கள். இரண்டு துண்டுக் கோலானால் பூட்டிப் பாருங்கள். பூட்டில் சிறு இடைவெளி இருப்பது குறையன்று, ஆனால் ஆட்டினால் 'டக்' என்று ஒலி வரக் கூடாது.

ரீலையும் மாட்டச் சொல்லுங்கள். ரீல் இல்லாமல் கோலைச் சுழற்றிப் பார்த்து 'இலேசாக இருக்கிறது' என்று வாங்குவது, பாரம் ஏற்றாமல் வண்டியை ஓட்டிப் பார்ப்பது போன்றது. ரீலோடு சேர்த்துப் பிடியின் முன்பக்கத்தில் ஒரு விரலைக் கொடுத்துத் தாங்குங்கள். நுனி தலைகுப்புறக் கவிழ்ந்தால், பொழுது சாயும் வேளையில் மணிக்கட்டு சொல்லும்.

பின்னர் தங்கூசியை வளையங்களில் கோத்து, அரைக்கிலோ சர்க்கரைப் பொட்டலம் ஒன்றைக் கட்டி, கோலைச் சாய்வாகப் பிடித்து மெதுவாக உயர்த்துங்கள். தங்கூசி கோலின் உடலில் உராயக் கூடாது. மேல்வளையக் கோலில் இது மிக முக்கியம். பாரத்தை எடுத்துவிட்டால் நுனி ஓரிரு ஆட்டத்தில் அடங்க வேண்டும். அடங்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கும் கோலால் குறிபார்த்து வீச முடியாது. கடைக்காரர் இதற்கெல்லாம் முகம் சுளித்தால், பணம் யாருடையது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கோல்களில் எது வலியது என்று வீட்டிலேயே அளக்கலாம். அமெரிக்காவில் வில்லியம் ஹானெமன் என்பவர் சில்லறைக் காசுகளை வைத்து வகுத்த முறை இது. நாம் காசுக்குப் பதில் தண்ணீர் எடுத்துக்கொள்வோம். கோலின் பிடியைச் சன்னல் திட்டில் மட்டமாக அழுத்திக் கட்டுங்கள். நுனியில் பிளாஸ்டிக் பை ஒன்றைத் தொங்கவிட்டு, அளந்து அளந்து தண்ணீர் ஊற்றுங்கள். நுனி, கோலின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தாழ்ந்ததும் நிறுத்துங்கள். ஏழடிக் கோலுக்கு அது 71 சென்டிமீட்டர். பையில் எத்தனை மில்லிலிட்டரோ அத்தனை கிராம். கோலின் வலிமை ஒரே எண்ணில் வந்துவிடுகிறது. கூட்டாளியின் கோலையும் இப்படி அளந்தால், விலை அதிகமானது எப்போதும் வலியதன்று என்பதும் தெரியவரும். பள்ளிப் பிள்ளைகளுக்கு நல்ல விஞ்ஞானப் பாடமாகவும் இருக்கும்.

வாங்கிய கோல் முறிவது பெரும்பாலும் மீனாலன்று. கதவிடுக்கில், மின்விசிறியில், பாறையில் பட்ட அடியில்தான் அது பாதி செத்துவிடுகிறது. மீன் வந்து மீதியை முடிக்கிறது. மீனைக் கரையருகே கொண்டுவந்துவிட்டு, கோலைத் தலைக்குப் பின்னால் சாய்த்துத் தூக்குவது இன்னொரு காரணம். அப்படிச் செய்யும்போது உரமான அடிப்பாகம் சும்மா இருக்க, விரல் பருமன்கூட இல்லாத நுனி மட்டும் முழுப் பாரத்தையும் ஏற்கிறது. முள் கட்டையில் மாட்டினால் கோலை ஆட்டிப் பறிக்கக் கூடாது. கோலை நேரே அதை நோக்கி நீட்டி, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு தங்கூசியைப் பிடித்து இழுக்க வேண்டும்.

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்றைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். கரி இழை மின்சாரத்தைக் கடத்தும். நல்ல கம்பெனிகள் கோலின்மேல் எச்சரிக்கை ஒட்டியிருப்பதும் அதனால்தான். தோட்டத்துச் சாலையோரமும் ஆற்றின் குறுக்கேயும் 11,000 வோல்ட்டுக் கம்பிகள் போகும் இடங்கள் உண்டு. கோல் கம்பியைத் தொட வேண்டும் என்பதில்லை, மிக நெருங்கினாலே மின்சாரம் தாவிவிடும். கம்பிக்கு அடியில் நடக்கும்போது கோலைக் கழற்றித் தாழ்வாகப் பிடிக்க வேண்டும். அங்கே நின்று வீசவே கூடாது. தங்கூசி கம்பியில் மாட்டிக்கொண்டால் இரையாவது கோலாவது, போட்டுவிட்டு விலகி வந்து மின்சார வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். நனைந்த கண்ணாடி இழைக்கோலும், நனைந்த மூங்கிலும்கூட நம்பத்தக்கவை அல்ல. இடி கேட்டால் கோலைத் தரையில் கிடத்திவிட்டு, திறந்த கரையை விட்டுப் போய்விட வேண்டும். பழைய ஈயக்குட்டையின் கரை மண் சரியக்கூடியது, இரண்டடி தள்ளினால் ஆழம் தெரியாத பள்ளம். சிறு பிள்ளைகளைத் தனியே அனுப்பாதீர்கள்.

அந்தத் தாயாருக்கு நான் சொன்ன பதில் இதுதான். மகன் போவது ஈயக்குட்டைக்கும் கால்வாய்க்கும் என்றால், ஏழடிக்கு மேற்படாத, 12 முதல் 20 பவுண்டுக்கான கோலாக இருக்கட்டும். டன் எண் குறைவானதே போதும். பஞ்சு கொஞ்சமும் சர்க்கரைப் பொட்டலம் ஒன்றும் கையோடு எடுத்துப் போகட்டும். மின்கம்பி விஷயத்தைக் காசு கைமாறும் முன்பே அவனிடம் பேசிவிடுங்கள் அம்மா. வீட்டில் மாட்ட இடம் கேட்டால், கதவு மூலையைக் கொடுக்காமல் உத்தரத்தில் இரண்டு கயிறு கட்டிக் கிடையாகத் தொங்கவிடச் சொல்லுங்கள், விசிறிக்கு எட்டாத பக்கமாக.