பயனிலை கடைசியில் இல்லை

‘பிரெடிகேட் என்றால் பயனிலை’ என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதுகிறார். பிள்ளையின் கண் உடனே வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு ஓடுகிறது. தமிழில் அந்தப் பழக்கம் சரி. ‘கண்ணன் நேற்று சந்தையில் மாம்பழம் வாங்கினான்’ என்றால் பயனிலை ‘வாங்கினான்’. ஆங்கிலத்தில் ‘கண்ணன் பாட் மேங்கோஸ் இன் தி மார்க்கெட் எஸ்டர்டே’ என்றால் கண்ணன் நீங்கலாக மீதி அத்தனையும் பிரெடிகேட். நம் பயனிலைக்கு நெருங்கிய உறவு அதற்குள் இருக்கும் ‘பாட்’ என்ற வினைச்சொல். அதற்கு ‘சிம்பிள் பிரெடிகேட்’ என்று தனிப்பெயரே உண்டு. இதைச் சொல்லாமல் பிள்ளையின் மதிப்பெண்ணைக் குறைப்பது நியாயமே இல்லை.

அலோன்சோ ரீட், பிரெய்னர்ட் கெலாக் என்ற இரண்டு அமெரிக்க ஆசிரியர்கள் 1877-இல் வெளியிட்ட ‘ஹையர் லெசன்ஸ் இன் இங்கிலீஷ்’ நூலில் இதைப் படமாகவே போட்டுக் காட்டினார்கள். ஒரு படுக்கைக் கோடு. அதை வெட்டிக்கொண்டு கீழே இறங்கும் ஒரு நெடுக்குக் கோடு. இடப்பக்கம் சப்ஜெக்ட், அதாவது எழுவாய்; வலப்பக்கம் பிரெடிகேட். வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவிலும் ஒரு கோடு உண்டு, ஆனால் அது படுக்கைக் கோட்டைத் தாண்டாது. செயப்படுபொருள் பிரெடிகேட்டின் வீட்டுக்குள்தான் குடியிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா?

வாக்கியத்தை எங்கே வெட்டுவது என்பதில்தான் தடுமாற்றம். ‘தி கீஸ் ஆஃப் தி ஓல்ட் கப்போர்ட் ஆர் மிஸ்ஸிங்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். முன்பகுதியை எடுத்துவிட்டு ‘தே’ என்று வைத்துப் பார்க்க வேண்டும். ‘தே ஆர் மிஸ்ஸிங்’ பொருந்துகிறது. ஆகவே ‘கப்போர்ட்’ வரை சப்ஜெக்ட், ‘ஆர்’ தொடங்கி பிரெடிகேட். பக்கத்தில் நிற்கும் ‘கப்போர்ட்’டைப் பார்த்து ‘இஸ்’ போடுகிறவர்கள், பெரியவர்களிலும் ஏராளம். வெட்டும் இடம் தெரிந்தால் அந்தப் பிழை வராது.

பெரும்பாலான கேள்விகளில் பிரெடிகேட் இரண்டாக உடைந்து சப்ஜெக்டின் இருபுறமும் நிற்கும். ‘டிட் ஷி கோ ஹோம்?’ என்பதை ‘ஷி டிட் கோ ஹோம்’ என்று திருப்பிப்போட்டால் சேர்ந்துவிடும்.

இன்னொன்று, ‘அவர் ஆசிரியர்’ என்று வினையே இல்லாமல் தமிழில் முடிக்கலாம். பெயர்ப் பயனிலை நமக்கு இயல்பு. ஆங்கிலத்தில் ‘இஸ்’ இல்லாமல் அந்த வாக்கியம் நிற்காது.

‘கம் ஹியர்’ என்றால் சப்ஜெக்ட் எங்கே என்று பிள்ளைகள் திகைப்பார்கள். அங்கே இருப்பது முழுக்க பிரெடிகேட். ‘யூ’ மறைந்திருக்கிறது. ‘இங்கே வா’ என்பதில் ‘நீ’ மறைந்திருப்பதைத் தோன்றா எழுவாய் என்று தமிழ் வகுப்பில் அவர்கள் ஏற்கெனவே படித்திருக்கிறார்கள்.