தேனீக்கு எந்தப் பூ?

கல்லூரித் தோட்டம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை குரோட்டன்சும் காகிதப்பூவும் அடுக்குச் செம்பருத்தியும்தாம். அவை கண்ணுக்கு அழகானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் பசியோடு வரும் தேனீக்கு அங்கே அநேகமாக ஒன்றுமே கிடைப்பதில்லை. அது ஏன் என்பதைச் சற்று விளக்க விரும்புகிறேன்.

தேனீக்குப் பூவிலிருந்து வேண்டியவை இரண்டு. பூந்தேன் அதற்குச் சக்தி தருகிறது. மகரந்தம் கூட்டிலுள்ள புழுக்களை வளர்க்கும் புரத உணவு. அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத் தாள்கள் பலவும் இதழ்களாக மாறிவிட்டன. காகிதப்பூவில் நாம் பூவென்று எண்ணுவது வண்ணம் பூண்ட இலையே. உண்மைப் பூ அதனுள் இருக்கும் சிறு வெண்குழல்தான். மல்லிகையோ மாலையில் மலர்ந்து அந்துப்பூச்சிகளை அழைப்பது. அதன் நீண்ட குழலுக்குள் தேனீயின் நாக்கு எட்டாது. நிறத்திலும் ஒரு செய்தி உண்டு. தேனீக்கு நிறம் தெரியும் என்று சோதனைகளால் காட்டி, பின்னர் 1973இல் நோபல் பரிசு பெற்றவர் கார்ல் வான் ஃபிரிஷ். ஆயினும் அதற்குச் சிவப்பு தெரியாது. நீலம், மஞ்சளோடு நமக்குத் தெரியாத புற ஊதா நிறமும் தெரியும்.

இந்த ஆராய்ச்சியில் நான் இறங்கியதற்குக் காரணம் பூசணிக்கொடி. அத்திப்பட்டில், லாரிகள் ஓயாத சாலையை ஒட்டியது எங்கள் வீடு. கூரைமேல் அம்மா ஏற்றிவிட்ட கொடியில் பூத்தது அத்தனையும் பிஞ்சிலேயே வெம்பி உதிர்ந்தது. கண்ணேறு என்றார் பாட்டி. பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. விடியலில் விரிந்து நண்பகலுக்குள் மூடிவிடும். அதற்குள் தேனீ வந்து மகரந்தம் சேர்க்காவிட்டால் காய் இல்லை என்று, எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவன் என்ற மிடுக்கோடு விளக்கினேன். அம்மா கேட்டார்: “சரிடா, அந்தத் தேனீயை எங்கேருந்து கூட்டியாறது?” பாடப்புத்தகத்தில் அதற்கு விடை இல்லை. அதுவரை, வேலைக்குப் புறப்படுமுன் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தடவுவது அம்மாவின் காலை வேலையாயிற்று.

தேனீயை அழைத்துவர முடியாது. பூவைத் தொடர்ந்து வைத்திருந்தால் தானே வரும். தென்னை ஆண்டு முழுதும் பாளை விடும். முருங்கை பல மாதங்கள் பூக்கும். பங்குனி, சித்திரையில் வேம்பு, அதை அடுத்துப் புங்கம், பிறகு புளி. எங்கும் மண்டிக் கிடக்கும் வேலிக்காத்தானை நானும் வெறுப்பவன்தான். எனினும் அதன் பூவும் எண்ணூர்க் கழியோரத்து வெண்கண்டலின் பூவும் தேனீக்குச் சோறு போடுகின்றன. ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் பஞ்ச காலம். அப்போது கைகொடுப்பவை துளசியும் கொடிரோஜாவும். மழை விட்டதும் தும்பை. துளசிக் கதிரைக் கிள்ளிவிடுவது நம் வழக்கம். பாதியையாவது விட்டுவைக்கலாம். கொத்துமல்லியிலும் நாலு செடியைப் பறிக்காமல் பூக்க விடலாம். ஒரு பயணத்தில் தேனீ பெரும்பாலும் ஒரே வகைப் பூவையே நாடும். ஆதலால் ஒரு வகையில் ஒரு செடி வைப்பதைவிடப் பத்தைச் சேர்த்து வைப்பதே நன்று.

சுவர் விரிசலிலும் மின்சார மீட்டர் பெட்டியிலும் குடியிருக்கும் கொசுத்தேனீயை மறந்துவிடக் கூடாது. கொட்டத் தெரியாத இந்தச் சிற்றுயிர் பெரும்பாலும் சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பதில்லை. அதற்குப் பூ பக்கத்திலேயே வேண்டும். விரிசலைச் சிமெண்டால் பூசுமுன் ஒருமுறை உற்றுப் பாருங்கள். பூச்சிமருந்து தெளித்தே தீரவேண்டுமானால், தேனீ கூடடைந்த பின் மாலையில் தெளியுங்கள்.

நம் ஆய்வகத்துக்குப் பின்புறம், தண்ணீர்த் தொட்டியருகே வெற்றிடம் ஒன்று இருக்கிறது. துறைத் தலைவர் இசைந்தால் எங்கள் கொல்லையிலிருந்து முருங்கைப் போத்து இரண்டும் துளசி நாற்றும் கொண்டுவருகிறேன். ஆடியில் நட்டுவிடலாம்.