மாட்டுக் கொட்டகைக்குத் தளம் போடுறீங்களா?

கறவை மாட்டுக் கடன் வாங்கிய பலர் அடுத்து கொட்டகைக்குத் தளம் போடக் கேட்கிறீர்கள். நல்ல விஷயம்தான். சேறும் சாணியும் மிதிபட்டால் மடிநோய் வரும். பால் குறைந்தால் தவணை கட்டுவது சிரமம். ஆனால் போட்ட தளம் ஒரே வருஷத்தில் பெயர்ந்தால், கடன் மட்டும்தான் மிச்சம்.

2 மாடுகளுக்கு 10 அடிக்கு 10 அடி இடம் வைத்துக்கொள்வோம். மேல்மண்ணை அள்ளிவிட்டு, கிராவல் போட்டு, தண்ணீர் தெளித்து நன்றாக இடிக்க வேண்டும். அதன்மேல் 4 அங்குலம் கான்கிரீட். 1 சட்டி சிமெண்டுக்கு 2 சட்டி மணல், 4 சட்டி முக்கால் ஜல்லி. மொத்தம் சுமார் 6 மூட்டை சிமெண்ட் பிடிக்கும்.

கவனிக்க வேண்டியது தண்ணீர். ஒரு மூட்டைக்கு 25 முதல் 30 லிட்டர் போதும். இழுக்கச் சுலபம் என்று கொத்தனார் கூடுதலாக ஊற்றினால், "வேண்டாம் அண்ணே" என்று தைரியமாகச் சொல்லுங்க. கலவை நீர்த்தால் தளம் பலமிழக்கும்.

மூத்திரம் வடிய, வடிகால் பக்கம் 10 அடிக்கு 2 முதல் 3 அங்குலம் வாட்டம் வேண்டும். மேலே வழவழவென்று பூசக் கூடாது. மாடு வழுக்கி விழும். துடைப்பத்தால் கோடு இழுத்துவிடுங்க.

மறுநாள் முதல் சாக்கு விரித்து, 10 நாள் காயாமல் நனைக்க வேண்டும். கலக்கும்போது தண்ணீரில் சிக்கனம், போட்ட பிறகு தாராளம். இதற்குத் தனிச் செலவில்லை, நம்ம கவனம்தான். அதுவரை மாட்டை வெளியிலேயே கட்டுங்க.