மூச்சுக் கருவி எழுப்பும் ஓசைகள்

உறங்குபவரின் குறட்டை திடீரென நின்று, சிறிது நேரம் மூச்சே இல்லாதது போல் அமைதி நிலவி, பின்னர் ஒரு திணறலுடன் குறட்டை மீண்டும் தொடங்குவதைப் பல வீடுகளில் காண்கிறோம். உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சு வழியை அடைத்துக் கொள்வதே இதற்குக் காரணமாகும். இந்நோய் உடையோருக்கு இரத்த அழுத்தம் உயரக்கூடும். பகலில் அலுவல் பார்க்கையிலும் வண்டி ஓட்டுகையிலும் கண் அயர்ந்துவிடும். இதற்கு மருத்துவர்கள் பெரும்பாலும் பரிந்துரைப்பது ‘சீ-பாப்’ என்னும் கருவியாகும்.

1980-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் இச்சிகிச்சையை முதன்முதலில் நோயாளி ஒருவருக்கு அளித்துப் பார்த்தார். தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைப் போன்ற ஒன்றைக் கொண்டு, மூக்கின் வழியே இடைவிடாது காற்றைச் செலுத்தி, மூச்சு வழி மூடாமல் காத்தார். அடுத்த ஆண்டில் அதன் விளைவுகள் மருத்துவ ஏட்டில் வெளியாயின. அன்றைய கருவி பேரிரைச்சல் உடையது. இன்றைய கருவியோ சுமார் 25 முதல் 30 டெசிபெல் அளவில், காதோடு பேசும் மெல்லிய குரலைவிட மிகாத ஓசையுடன் இயங்குகிறது.

ஆயினும், குறட்டையை அடக்க வந்த கருவியே ஒரு நாள் விசிலடிக்கவும் கொப்பளிக்கவும் தொடங்கினால் என் செய்வது? உறக்கம் கெட்டவர் கருவியை அணைத்துவிட்டுப் படுக்கிறார். பக்கத்தில் படுத்திருப்பவரும் அதையே விரும்புகிறார். ஓரிரவு இரண்டாகி, பின்னர் கருவி அலமாரிக்குப் போய்விடுகிறது. அத்துடன் பழைய நோயும் திரும்பிவிடுகிறது. ஆகையால் எந்த ஓசை இயல்பானது, எது பழுதின் அடையாளம் என்று அறிந்திருத்தல் நலம்.

முதலில் காற்றின் பாதையைத் தெரிந்து கொள்வோம். அறையின் காற்று வடிகட்டி வழியே கருவிக்குள் நுழைகிறது. விசிறி அதனை அழுத்தி, நீர்த்தொட்டியின் மேலாகச் செலுத்தி ஈரமாக்குகிறது. அங்கிருந்து நெகிழ்வான குழாய் வழியே முகமூடியை அடைகிறது. நாம் வெளிவிடும் மூச்சு முகமூடியிலுள்ள சிறு துளைகள் வழியே வெளியேறுகிறது. ஓசை இப்பாதையில் எங்கே பிறக்கிறது என்று கண்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது எனலாம்.

முகமூடித் துளைகளிலிருந்து எழும் மெல்லிய சீற்றம் இயல்பானதே. அதைத் தொல்லை எனக் கருதி ஒட்டுத் துணியாலோ பஞ்சாலோ துளைகளை ஒருபோதும் அடைத்தல் ஆகாது. அடைத்தால் நாம் விட்ட கெட்ட காற்றையே திரும்ப உட்கொள்ள நேரும். மூச்சின் போக்குக்கேற்ப ஓசை ஏறி இறங்குவதும், இரவில் கருவி தானாகவே அழுத்தத்தை மாற்றுகையில் சற்று உரத்து ஒலிப்பதும் இயல்பே.

கன்னத்தோரம் அல்லது கண்ணருகே ‘உஸ்’ என்ற ஓசையுடன் காற்று படுமாயின் முகமூடி சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள். பட்டையை இறுக்கிக் கட்டுவதே பலர் செய்யும் வைத்தியம். ஆனால் மிகுதியாக இறுக்கினால் மெத்தை போன்ற விளிம்பு மடங்கி, கசிவு கூடும். கருவி ஓடிக் கொண்டிருக்கையில் படுத்த நிலையிலேயே முகமூடியைச் சிறிது முன்னே இழுத்து மறுபடி படிய வைத்தல் நல்லது. முகத்து எண்ணெய்ப் பசையும் கசிவுக்குக் காரணமாதலால் விளிம்பை நாள்தோறும் கழுவ வேண்டும்.

கூர்மையான விசில் ஓசை பெரும்பாலும் குழாயிலுள்ள சிறு துளையிலிருந்தோ, நீர்த்தொட்டி மூடியின் ரப்பர் வளையம் நழுவியதாலோ எழுகிறது. தொட்டியைக் கழற்றி, வளையத்தைச் சரிசெய்து, ‘கிளிக்’ என்னும்படி அழுத்திப் பொருத்துக. கருவி ஓடுகையில் ஈரமான புறங்கையைக் குழாயின் நெடுகக் கொண்டு சென்றால், துளையுள்ள இடத்தில் குளிர்ச்சி தெரியும். சைக்கிள் டியூபில் ஓட்டை பார்ப்பது போல, கழற்றிய குழாயின் ஒரு முனையை மூடி மறுமுனையில் ஊதி, நீரில் அமிழ்த்திக் குமிழிகளைக் கொண்டும் கண்டுபிடிக்கலாம். சூடேற்றும் கம்பி பொருந்திய குழாயை இவ்வாறு சோதித்தல் கூடாது. துளை விழுந்த குழாயை மாற்றுவதே முறை.

ஹூக்கா பிடிப்பது போன்ற ‘குளுகுளு’ ஓசை குழாயில் நீர் தேங்கியதைக் காட்டும். வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த அறையில் குழாய்ச் சுவரைத் தொட்டு நீராகிறது. தில்லியின் மார்கழி இரவிலும், குளிர்சாதனம் ஓடும் சென்னை அறையிலும் இது நிகழும். கருவியைத் தலையணை மட்டத்திற்குக் கீழே வைத்தால் நீர் தொட்டிக்கே திரும்பும். குழாய்க்குத் துணியுறை போடலாம். ஈரப்பத அளவைச் சிறிது குறைக்கலாம். தொட்டியில் குறியிட்ட கோட்டுக்கு மேல் நீர் நிரப்பலாகாது. காய்ச்சி வடித்த நீரே ஏற்றது. கருவியை இடம் மாற்றுமுன் தொட்டியைக் காலி செய்யாவிட்டால் நீர் மோட்டாருக்குள் புகுந்துவிடும்.

கருவியின் உள்ளேயே இரைச்சல் மிகுந்தால் முதலில் வடிகட்டியைப் பாருங்கள். தூசி மிகுந்த நம் நகரங்களில் அது விரைவில் கறுத்துவிடும். காற்று நுழையும் வாயைத் திரைச்சீலை மறைத்திருந்தாலும் இரைச்சல் எழும். மேசை அதிர்ந்தால் கருவியின் அடியில் ரப்பர் விரிப்பு ஒன்றை இடுதல் போதும்.

இவ்வளவும் செய்தபின், குழாயையும் முகமூடியையும் கழற்றிய நிலையிலும் கரகரப்போ கிறீச்சொலியோ நீடித்தால், மோட்டாரின் தாங்கி தேய்ந்திருக்கக் கூடும். தையல் இயந்திரத்துக்கு இடுவது போல் இதற்கு எண்ணெய் இடுவது பெருந்தீங்கு. அந்த எண்ணெயே காற்றுடன் நுரையீரலைச் சேரும். கருவியைத் தாமே திறவாமல் விற்பனையாளரிடமோ பழுது பார்ப்பவரிடமோ ஒப்படைக்க வேண்டும். கருகிய நாற்றம் வந்தால் உடனே மின் இணைப்பைத் துண்டித்து, மருத்துவரிடம் மாற்றுக் கருவிக்கு வழி கேட்க வேண்டும்.

குழாயில் கரிய துகள்கள் தென்பட்டாலும் அசட்டை செய்யலாகாது. 2021-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிலிப்ஸ் நிறுவனம் தன் கருவிகள் பலவற்றைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ஓசையை அடக்குவதற்காக உள்ளே வைத்திருந்த நுரைப்பஞ்சே சிதைந்து, அதன் துகள்கள் காற்றுப் பாதையில் கலக்கக்கூடும் என்பது அதற்குக் கூறிய காரணம். ஓசோன் கொண்டு தூய்மை செய்வது அச்சிதைவை விரைவுபடுத்தலாம் என்றும் எச்சரிக்கப்பட்டது. பழைய கருவியைக் கைமாற்றாக வாங்குவோர் அதன் வரிசை எண்ணைச் சரிபார்த்துக் கொள்ளுதல் அவசியம்.

ஓசை எந்த நேரத்தில், எந்தப் பக்கம் படுத்திருக்கையில், எவ்விதமாகக் கேட்டது என்பதை இல்லத்தார் ஒரு தாளில் குறித்து வைத்தால் பழுது பார்ப்பவருக்குப் பேருதவியாகும். உறங்குபவர் அறியாத ஓசையை விழித்திருப்பவரே அறிவார். கருவியைப் பற்றிய குறை எதுவாயினும், மருத்துவரைக் கலந்து கொள்ளாமல் சிகிச்சையை நிறுத்திவிடக் கூடாது. பெரும்பாலான ஓசைகள் ஒரு வளையத்தையோ வடிகட்டியையோ சரிசெய்தால் நின்றுவிடும். சிகிச்சை நின்றுபோனால் வரும் கேடு அவ்வளவு எளிதில் தீர்வதன்று.