விடை தெரிந்த கணக்கிலிருந்து தொடங்குங்கள்

"ஃபைனைட் எலிமென்ட் கத்துக்கணும் சார், ஆன்சிஸ் படிக்கவா, அபாகஸ் படிக்கவா?" என்று மெக்கானிக்கல் மாணவர்கள் கேட்பதுண்டு. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தக் கேள்விக்குப் பொருள் உண்டு. கற்கத் தொடங்கும்போது இல்லை. செலவு செய்ய வழியில்லையென்றால் ஃப்ரீகேட் மென்பொருளை இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ளலாம். அதில் கணக்கைத் தீர்க்கும் கால்குலிக்ஸ், ஜெர்மனியின் எம்டியு விமான எஞ்சின் நிறுவனப் பொறியாளர்கள் எழுதியது. அதன் உள்ளீட்டுக் கோப்பு பெரிதும் அபாகஸ் பாணியில் இருப்பதால், பிறகு அங்கே மாறுவதும் சிரமமில்லை.

எந்த மென்பொருளானாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கிறார்கள், அதுதான் மெஷ். ஒவ்வொரு துண்டும் ஒரு எலிமென்ட், துண்டுகளை இணைக்கும் புள்ளி நோட். பாரம் ஏற்றினால் ஒவ்வொரு நோடும் எவ்வளவு நகரும் என்பதை ஆயிரக்கணக்கான சமன்பாடுகளை ஒருசேரத் தீர்த்துக் கண்டுபிடிக்கிறது சால்வர். அந்த நகர்விலிருந்துதான் திரிபும் தகைவும் வருவிக்கப்படுகின்றன. இந்த வரிசை முக்கியம். நகர்வு ஓரளவு கரடான மெஷ்ஷிலேயே சரியாக வந்துவிடும். தகைவு அவ்வளவு சுலபத்தில் வராது.

முதல் நாளே கார் சேஸிஸை எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். ஒரு முனை சுவரில் பதிந்த எஃகுச் சட்டம் போதும்: நீளம் 1,000 மிமீ, அகலம் 20 மிமீ, உயரம் 40 மிமீ. மறுமுனையில் 500 நியூட்டன் பாரம். எஃகின் யங் குணகம் 2,00,000 மெகாபாஸ்கல். பாடப்புத்தகச் சூத்திரப்படி முனை 7.8 மிமீ இறங்க வேண்டும். சுவரருகே வளைவுத் தகைவு 93.75 மெகாபாஸ்கல். இந்த இரண்டு எண்களையும் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு மென்பொருளைத் திறவுங்கள்.

முதலில் நேரியல் நான்முகி எலிமென்ட்டுகளைப் பெரிதாகப் போட்டு ஓட்டிப் பாருங்கள். சட்டம் 7.8 மிமீ இறங்காது, அதைவிடக் கணிசமாகக் குறைவாக இறங்கும். மென்பொருள் எந்தப் பிழையும் சொல்லாது. வண்ணப் படம் அழகாகவே வரும். காரணம் இதுதான்: அந்த வகை எலிமென்ட் ஒவ்வொன்றுக்குள்ளும் திரிபு எங்கும் ஒரே அளவுதான். வளையும் சட்டத்திலோ மேல்பக்கம் இழுபடுகிறது, கீழ்ப்பக்கம் நசுங்குகிறது. அந்த மாற்றத்தைக் காட்ட வழியில்லாமல் எலிமென்ட் விறைத்துக்கொள்கிறது. அதே மெஷ்ஷை இரண்டாம் படி எலிமென்ட்டாக மாற்றினால் விடை 7.8-ஐ நெருங்கிவிடும். யூடியூப் பாடங்களில் பெரும்பாலும் எதைச் சொடுக்க வேண்டும் என்பது இருக்கும், இந்த ஒப்பீடு இருக்காது. சுவர்ப் பக்கத்து எதிர்விசைகளைக் கூட்டினால் 500 நியூட்டன் வருகிறதா என்பதையும் பாருங்கள். வராவிட்டால் பாரமோ பிடிமானமோ தவறு.

அடுத்து 'எல்' வடிவப் பிராக்கெட் ஒன்றைப் போடலாம். உள்மூலை கூராக இருந்தால், மெஷ்ஷை நுணுக்க நுணுக்க அங்கே தகைவு ஏறிக்கொண்டே போகும், எங்கும் நிற்காது. கோட்பாட்டின்படி அங்கே தகைவு முடிவிலி. அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்துப் பதறி உலோகத்தை மாற்றுகிறவர்கள் உண்டு. மூலையில் சிறு வளைவு கொடுத்துவிட்டு மறுபடி நுணுக்கினால் எண் ஓரிடத்தில் நிலைக்கும். அதைத்தான் நம்பலாம்.

அலகு விஷயத்தில் அபாகஸும் கால்குலிக்ஸும் உங்களைக் கேள்வியே கேட்காது. மில்லிமீட்டரிலும் நியூட்டனிலும் வேலை செய்தால் அடர்த்தியைக் கன மில்லிமீட்டருக்கு இத்தனை டன் என்று கொடுக்க வேண்டும், எஃகுக்கு 7.85×10⁻⁹. பழக்கதோஷத்தில் 7,850 என்று போட்டால் எடை லட்சம் கோடி மடங்கு கூடிவிடும். அவ்வளவு பெரிய தவறு கண்ணில் பட்டுவிடும் என்பதால் ஆபத்தில்லை. சிறிய தவறுதான் தப்பிவிடுகிறது.

அப்படித் தப்பிய ஒரு தவறைப் பாருங்கள். நார்வேயில் ஸ்லைப்னர் ஏ என்ற எண்ணெய்த் துரப்பண மேடையின் கான்கிரீட் அடித்தளம் 1991 ஆகஸ்ட் 23 அன்று, ஸ்டவாங்கர் அருகே கடற்கழியில் சோதனைக்காக நீரில் இறக்கப்பட்டபோது உடைந்து மூழ்கியது. நஷ்டம் சுமார் 70 கோடி டாலர். அடித்தளத்தின் வட்ட அறைகள் சந்திக்கும் முக்கோண இடைவெளிச் சுவரில் மெஷ் சரியாக அமையாததால், அங்கே வெட்டுத் தகைவு 47 சதவீதம் குறைவாகக் கணிக்கப்பட்டிருந்தது. கான்கிரீட்டின் எஃகுக் கம்பிகள் போதிய தூரம் உள்ளே செல்லாததும் சேர்ந்துகொண்டது. பயன்படுத்திய மென்பொருள் நாஸ்ட்ரான். நாசாவுக்காக உருவானது, விமானத்துறை நம்பும் கருவி. விபத்துக்குப் பிறகு அதே சுவரை ஃபைனைட் எலிமென்ட் முறையிலேயே கவனமாகக் கணக்கிட்டபோது, 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று விடை வந்தது. நிஜத்தில் அது உடைந்தது 65 மீட்டரில்.