திருத்தம் தயார்; நாம் தயாரா?

காலையில் அலுவலகத்திற்கு வரும் ஊழியர் ஒருவர் கணினியில் தம் பெயரையும் மறைச்சொல்லையும் தட்டுகிறார். சில விநாடிகளில் திரை திறந்துவிடுகிறது. அதற்குள் அவருக்குத் தெரியாமலேயே ஒரு விசாரணை நடந்து முடிந்திருக்கும். இவர் யார்? இவரை உள்ளே விடலாமா? எந்தெந்தக் கோப்புகளைப் பார்க்க இவருக்கு அனுமதி உண்டு? இவற்றுக்கெல்லாம் பதில் சொல்வது ‘டைரக்டரி’ எனப்படும் பதிவேட்டுச் சேவை.

இதை ஒரு பெரிய கட்டடத்தின் பாதுகாவலர் அறைக்கு ஒப்பிடலாம். யார் யார் வரலாம் என்ற பட்டியலும் எல்லா அறைகளின் சாவிகளும் அங்கேதான் இருக்கும். ஓர் அறையின் பூட்டு பழுதானால் இழப்பு அந்த அறையோடு நிற்கும். பாதுகாவலர் அறையின் பூட்டே பழுதானால் கட்டடம் முழுவதும் பறிபோகும்.

மூன்று விநாடியில் திறந்த கதவு

உலகெங்கும் அலுவலகங்களில் பெரிதும் பயன்படும் பதிவேட்டுச் சேவை, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ‘ஆக்டிவ் டைரக்டரி’. விண்டோஸ் 2000 மென்பொருளுடன் அறிமுகமான இச்சேவையில் 2020ஆம் ஆண்டு ஒரு பெரும் ஓட்டை வெளிப்பட்டது. அதைக் கண்டுபிடித்தவர் நெதர்லாந்தின் செக்யூரா நிறுவனத்தைச் சேர்ந்த டாம் டெர்வூர்ட். ‘ஸீரோலாகன்’ என்று பெயர் பெற்ற அந்தக் குறைபாட்டுக்கு, கடுமையை அளக்கும் அளவுகோலில் பத்துக்குப் பத்து மதிப்பெண் கிடைத்தது.

அலுவலகக் கணினி ஒன்று பதிவேட்டுச் சர்வரிடம் தன்னை அடையாளம் காட்டும்போது, மறையாக்கம் செய்யப்பட்ட ஒரு விடையை அனுப்ப வேண்டும். மறையாக்கத்தைத் தொடங்க ஒவ்வொரு முறையும் எவராலும் கணிக்க முடியாத ஒரு தொடக்க மதிப்பு தேவை. ‘நெட்லாகன்’ என்ற அந்த ஏற்பாட்டில் அவ்விடத்தில் எப்போதும் வெறும் பூஜ்யங்களே வைக்கப்பட்டிருந்தன. அதனால், விடையாகப் பூஜ்யங்களையே திரும்பத் திரும்ப அனுப்பினாலும் சராசரியாக 256 முயற்சிகளில் ஒரு முறை சர்வர் அதைச் சரியான விடை என்று ஏற்றுக்கொண்டது.

ஊழியர் ஒருவர் மறைச்சொல்லைச் சில முறை தவறாகத் தட்டினால் அவரது கணக்கு முடக்கப்படுவது வழக்கம். கணினிகளின் கணக்குகளுக்கு அத்தகைய வரம்பு இல்லை. 256 முயற்சிகளுக்கு ஆகும் நேரமோ ஏறக்குறைய மூன்று விநாடிதான். அப்படி நுழைந்தவர் சர்வரின் சொந்த மறைச்சொல்லையே அழித்துவிட்டு, நிர்வாகியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடிந்தது. அதற்கு எந்த ஊழியரின் மறைச்சொல்லும் தேவைப்படவில்லை. அலுவலகக் கட்டமைப்புக்குள் எப்படியாவது ஒரு காலை வைத்தால் போதும். ஏமாற்று மின்னஞ்சலை நம்பி ஓர் ஊழியர் திறக்கும் இணைப்பே அந்த வழியை அமைத்துக் கொடுத்துவிடும்.

திருத்தம் வந்த பிறகுதான் ஆபத்து

மைக்ரோசாஃப்ட் இதற்கான பாதுகாப்புத் திருத்தத்தை 2020 ஆகஸ்ட் 11ஆம் தேதியே வெளியிட்டது. குறைபாட்டின் முழு விவரமும் அடுத்த மாதம்தான் வெளிவந்தது. அதற்கடுத்த சில நாள்களில், தாக்குதல் நடத்துவதற்கான நிரலும் இணையத்தில் பொதுவில் கிடைக்கத் தொடங்கியது. செப்டம்பர் 18ஆம் தேதி வெள்ளிக்கிழமை, அமெரிக்க இணையப் பாதுகாப்பு அமைப்பு அங்குள்ள மத்திய அரசு அலுவலகங்களுக்கு அவசர உத்தரவு பிறப்பித்தது. திங்கட்கிழமை இரவுக்குள் திருத்தத்தைப் பொருத்த வேண்டும், பொருத்த முடியாத சர்வர்களைக் கட்டமைப்பிலிருந்தே நீக்கிவிட வேண்டும் என்பது அந்த உத்தரவு. உண்மையான தாக்குதல்கள் நடப்பதாக மைக்ரோசாஃப்ட் அதே மாதம் எச்சரித்தது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. திருத்தம் வெளியாகும்போது, ஓட்டை எங்கே இருக்கிறது என்பதும் ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. பழைய மென்பொருளையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்த்தே குற்றவாளிகள் அதைக் கண்டுபிடிக்கிறார்கள். திருத்தம் வந்த நாளுக்கும் அதைப் பொருத்தும் நாளுக்கும் இடைப்பட்ட காலமே அவர்களின் அறுவடைக் காலம்.

அப்படியிருந்தும் தாமதம் ஏன்? சோம்பல் மட்டும் காரணமல்ல. சர்வரை நிறுத்தி மீண்டும் இயக்கும் வரை வேலை நின்றுவிடுமோ, பழைய மென்பொருள்கள் இயங்க மறுக்குமோ என்ற அச்சம் நியாயமானதே. மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் இதை உணர்ந்து, பழைய சாதனங்களுக்கு அவகாசம் கொடுத்து, கட்டாய நடைமுறையை 2021 பிப்ரவரியில்தான் கொண்டுவந்தது.

சிங்கப்பூர் கற்ற பாடம்

தாமதத்தின் விலை என்னவென்று சிங்கப்பூருக்குத் தெரியும். 2018ஆம் ஆண்டு சிங்ஹெல்த் கட்டமைப்பில் நிகழ்ந்த ஊடுருவலில் ஏறத்தாழ 15 லட்சம் நோயாளிகளின் தனிப்பட்ட விவரங்கள் திருடப்பட்டன. அவர்களில் சுமார் 160,000 பேருக்கு வழங்கப்பட்ட மருந்துகளின் விவரங்களும் களவாடப்பட்டன. அது ஸீரோலாகன் குறைபாட்டால் நேர்ந்ததன்று. ஆனால், ஒரு கணினியில் இருந்த மின்னஞ்சல் மென்பொருளுக்குத் திருத்தம் கிடைத்திருந்தும் அது பொருத்தப்படாததை விசாரணைக் குழுவின் 2019 அறிக்கை சுட்டிக்காட்டியது.

செய்யக்கூடியவை கடினமானவையல்ல. பதிவேட்டுச் சர்வர் ஒன்றுக்கு இரண்டாக இருந்தால், ஒன்றைத் திருத்தும்போது மற்றொன்று வேலையைத் தாங்கும். முதலில் ஒரு சோதனைக் கணினியில் பொருத்திப் பார்த்தால் அச்சம் குறையும். மைக்ரோசாஃப்ட் திருத்தங்கள் வழக்கமாக ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை அமெரிக்காவில் வெளியாகின்றன. நம் நேரப்படி அது பெரும்பாலும் மறுநாள் அதிகாலை. அந்த நாளை நாள்காட்டியில் குறித்துவைக்கலாம். எந்தெந்தச் சர்வர்கள் இயங்குகின்றன என்ற பட்டியலும் அவசியம். பத்தில் ஒன்பதைத் திருத்தி ஒன்றை மறந்தால், அந்த ஒன்றின் வழியாகவே எல்லாம் பறிபோகும்.

இது கணினிப் பிரிவின் வேலை என்று மேலாளர்கள் ஒதுங்கிவிட முடியாது. சர்வரை இரவில் ஒரு மணி நேரம் நிறுத்த அனுமதி தர வேண்டியவர்கள் அவர்களே. அந்த ஒரு மணி நேரத்தைத் தர மறுத்தால், பிறகு பல நாள்கள் கதவடைத்து உட்கார நேரிடலாம். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். இங்கே அணையை வேறொருவர் கட்டி, நம் வாசலிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டார். அதை எடுத்துப் பொருத்துவது மட்டுமே நம் பொறுப்பு.